கொலி நாயும் அதன் மருந்தும்

ஸ்கொட்லாந்தின் மேட்டு நிலங்களிலும் வட இங்கிலாந்திலும் ஆட்டு மந்தைகளைக் காத்து வந்த நாயினம் கொலி என்பது. நீண்ட முகமும், அடர்ந்த உரோமமும், கழுத்தைச் சூழ்ந்த வெண்மையும் அதன் அடையாளங்கள். விக்டோரியா மகாராணியார் பல்மோரல் மாளிகையில் இதனை விரும்பி வளர்த்தார். மேய்ப்பன் குடிசையிலிருந்த நாய் செல்வர் இல்லங்களிலும் இடம்பெற்றது. எரிக் நைட் 1940இல் எழுதிய நாவலும், 1943இல் வெளிவந்த திரைப்படமும் லாஸி என்னும் கொலி நாயின் பெயரை உலகெங்கும் பரப்பின. அப்படத்திலே பெண் நாயாக நடித்தது ஓர் ஆண் நாய் என்பது பலர் அறியாத செய்தி. இத்துணைப் புகழ் பெற்ற இனத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று மூக்கிலே தோன்றுவது. மற்றையது கண்ணுக்குப் புலப்படாதது. இரண்டும் ஒரே நாயினிடத்திற் கூடும்போது வளர்ப்பவர் பாடு எளிதன்று.

நாயின் மூக்கு நுனியை உற்று நோக்கினால், அது கூழாங்கல் பதித்த தரைபோலச் சிறு சிறு மேடுகளுடன் இருப்பதைக் காணலாம். நோய் தொடங்கும்போது கருநிறம் மங்கிச் சாம்பல் நிறமாகிப் பின்னர் இளஞ்சிவப்பாகிறது. மேடுகள் அழிந்து மூக்கு வழுவழுப்பாகிறது. பொருக்குத் தட்டிப் புண் உண்டாகிறது. புண் ஆழ்ந்து சிறு குருதிக்குழாயை அரித்துவிட்டால் இரத்தம் பெருகுவதும் உண்டு. இதனை நெடுங்காலமாகக் ‘கொலி மூக்கு’ என்றே வழங்கினர். வெயிலின் கொடுமை என்றே கருதினர். இன்று இதற்கு டிஸ்கொயிட் லூப்பஸ் என்பது பெயர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடற்காவல், சொந்தத் தோலையே பகையெனக் கருதித் தாக்குவதே இந்நோய். வெயில் இதற்கு மூலகாரணமன்று. எனினும், எரிகின்ற நெருப்புக்குத் துருத்தி எப்படியோ அப்படியே இந்நோய்க்கு வெயில்.

நோயுற்ற நாய் வழக்கம்போல உண்ணும், ஓடும், விளையாடும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் அரிதாகப் புற்றாக மாறக்கூடும் என்பதால் அதனைக் கவனியாது விடுவதற்குமில்லை. கண்ட அளவில் நோயைத் துணிந்து கூறவும் முடியாது. வேறு தோல் நோய்களும் இதே தோற்றம் காட்டுவதனால், மிருக வைத்தியர் புண்ணின் ஓரத்தில் சிறு தோற்றுண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு நாயை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும். மறைந்திருக்கும் இரண்டாவது குறை இங்கேதான் முதன்முதலில் குறுக்கிடுகிறது.

அதன் வரலாறு ஜப்பானிய மண்ணில் தொடங்குகிறது. சதோஷி ஓமுரா என்னும் விஞ்ஞானி கவானா என்ற ஊருக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரைக் கொண்டு, அமெரிக்காவில் வில்லியம் கம்பெல் முதலியோர் ஐவர்மெக்ரின் என்னும் புழுக்கொல்லி மருந்தை ஆக்கினர். 2015இல் இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். 1980களின் தொடக்கத்தில் மிருகங்களுக்கு வழங்கப்பட்ட இம்மருந்து, மற்றைய நாய்களுக்குத் தீங்கு செய்யாத அளவிலே கொலி நாய்களை வீழ்த்தியது. வாய் நீர் ஒழுகிற்று, கால் தள்ளாடிற்று, கண்பாவை விரிந்து பார்வை போயிற்று, சில நாய்கள் உணர்விழந்து கிடந்து மாண்டன. இதற்கு முறிமருந்து இல்லை.

காரணம் 2001இல் வெளிப்பட்டது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரினா மீலி என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் அதனைக் கண்டனர். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்களின் சுவரில் ஒரு புரதம் வாயிற்காவலன்போல நின்று, உட்புகும் மருந்தை வெளியே தள்ளுகிறது. இக்கொலி நாய்களில் அப்புரதத்துக்குரிய பரம்பரையலகில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனாற் காவலன் உருவாகவேயில்லை; வாயில் திறந்தே கிடந்தது. ஒரு நீண்ட நூலிலே நான்கு எழுத்து விடுபட்டால் அச்சுப்பிழை என்று நாம் கடந்து போவோம். இங்கோ அது உயிர்ப்பிழையாகிறது. கொலி நாய்களில் நான்கிற்கு ஏறக்குறைய மூன்று இப்பிழையைச் சுமக்கின்றன. அவுஸ்திரேலிய மேய்ப்பு நாய், ஷெட்லாந்து மேய்ப்பு நாய் முதலியவற்றிலும் இது உண்டு.

எனவே, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிப் பரம்பரையலகைச் சோதித்தல் மருந்தெதற்கும் முன் செய்யத்தக்கது. பிழை பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் அசிப்புறோமசீன், பியூட்டோர்பனோல் போன்ற அமைதி மருந்துகளின் அளவை நூற்றுக்கு 25 பங்கு குறைப்பர். இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 30 முதல் 50 பங்கு வரை குறைப்பர். மனிதர் வயிற்றுப்போக்குக்கு உட்கொள்ளும் லொப்பெரமைட்டை இத்தகைய நாய்க்கு ஒருபோதும் கொடுத்தலாகாது.

இனி நோயைத் தணிக்கும் முறைக்கு வருவோம். மருந்துக்கு அஞ்சும் நாய்க்கு முதல் மருந்து நிழல். உச்சிவேளையில் வெளியே விடாது, காலையிலும் மாலையிலும் நடத்திச் செல்வதே பாதி வைத்தியம். மனிதர் பூசும் வெயிற்களிம்பை நாயின் மூக்கிலே தடவுவது தவறு; அது நக்கிவிடும், களிம்பிலுள்ள நாகவொட்சைட்டு அதற்கு நஞ்சு. அடுத்ததாக மூக்கின்மேல் மட்டும் பூசும் ரக்குரோலிமஸ் களிம்பு உண்டு. பூசுபவர் கையுறை அணிதல் வேண்டும். உணவு வைக்குமுன் பூசிவிட்டால், உண்ணும் நேரமெல்லாம் நாய் நக்காதிருக்கும் என்பது அனுபவமுள்ளோர் கண்ட வழி.

தெத்திராசைக்கிளினையும் நியாசினமைட்டு என்னும் விற்றமினையும் சேர்த்துக் கொடுக்கும் முறை 1992இல் வெளியிடப்பட்டது. 10 கிலோகிராமுக்கு மேற்பட்ட நாய்க்கு ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. இப்போது தெத்திராசைக்கிளினுக்குப் பதிலாக டொக்சிசைக்கிளினும் வழங்கப்படுகிறது. பயன் தெரிய இரண்டு மாதங்கள் வரை செல்லலாம். இரண்டாவது வாரத்திலேயே பொறுமை இழந்து, வேறு மருந்து தரும்படி வைத்தியரை நெருக்குவோர் பலர். அந்த அவசரமே பிறகு வரும் தொல்லைகளுக்கு வழி திறப்பது.

ஏனெனில், அடுத்த படியிலிருப்பது பிறெட்னிசொலோன். அது உடற்காவலையே அடக்கிப் புண்ணை விரைவில் ஆற்றும். கூடவே தாகமும் பசியும் மிகும், தசை தேயும், திடீரென நிறுத்தினாலோ ஆபத்து. இவற்றினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சாதாரண நாய்களின் உரோமக்குழிகளில் டெமொடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணிகள் தீங்கின்றி வாழ்கின்றன. உடற்காவல் தளர்ந்ததும் அவை பெருகி உரோமத்தை உதிர்த்துச் சொறியை உண்டாக்கும். அச்சொறிக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த மருந்து எது? அதே ஐவர்மெக்ரின். இதயப்புழுவைத் தடுக்க மாதமொருமுறை கொடுப்பது உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 6 மைக்குரோகிராம். அது கொலிக்கும் தீங்கு செய்வதில்லை. சொறிக்கோ 300 முதல் 600 மைக்குரோகிராம், அதுவும் நாள்தோறும். மூக்கிலிருந்த சிறு புண்ணுக்கு வைத்தியம் பார்க்கப்போய் நாயையே இழக்கும் பாதை இது.

இப்போது சொறிக்கு மாற்று மருந்துகள் வந்துள்ளன. புளூரலனர் என்னும் மருந்தை இப்பிழையுள்ள கொலி நாய்களிலேயே சோதித்துத் தீங்கற்றதெனக் கண்டனர். அவ்வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பு உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2018இல் எச்சரித்திருப்பதனால், முன்பு வலிப்புக் கண்ட நாயாயின் வைத்தியரிடம் அதனைச் சொல்லுதல் வேண்டும்.

வைத்தியர் எழுதாத மருந்தும் நாயின் வயிற்றுட் புகக்கூடும். குதிரைகளுக்கும் ஆடுகளுக்கும் ஐவர்மெக்ரின் கொடுக்கும் பண்ணைகளில் அம்மருந்து சாணத்தோடு வெளிப்படுகிறது. சாணத்தை நாய் தின்னும். குதிரைக்குரிய பசைமருந்து நிலத்திற் சிந்தினால் அதையும் நக்கும். ஆகவே மந்தைக்கு மருந்து கொடுக்கும் நாட்களில், மந்தையைக் காக்கப் பிறந்த கொலியைக் கட்டிவைக்கிறார்கள், விவரமறிந்த பண்ணையார்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பின், வேறு வழியாக அதனை நடத்திச் செல்கிறார்கள்.