தாய்மார்க்கும் ஒரு காதலர் தினம்



பிப்ரவரி மாதம் 14-ஆம் நாளைக் காதலர் தினம் என்று நம் ஊர்களிலும் கொண்டாடுகிறார்கள். அது மணமாகாத இளைஞர்க்கே உரிய நாள் என்பது பலருடைய எண்ணம். இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எட்டேகால் மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற என்னைப் போன்ற தாய்க்கும் அந்நாளில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

"மேல்நாட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. பெயர் மேல்நாட்டுடையதுதான். வாலண்டைன் என்னும் புனிதரின் நினைவு நாளை, பறவைகள் தம் துணையைத் தேர்ந்துகொள்ளும் நாளாக 14-ஆம் நூற்றாண்டில் பாடினார் சாசர் என்னும் ஆங்கிலக் கவிஞர். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் ஏற்பாடு வந்தபின் காதல் வாழ்த்து மடல்கள் பெருகின. ஆனால் பொருள் நமக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர்களில் காமன் பண்டிகை நடக்கும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் இரவெல்லாம் லாவணி பாடும். சிறுமியாக இருந்தபோது என் தாயாரின் ஊரில் கேட்டிருக்கிறேன். எந்தக் கட்சி வென்றது என்று எனக்குத் தெரியாது, அதற்குள் உறங்கிவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்நாளைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக் கூடத்தை அலங்கரித்தேன். மூன்று வகைப் பலகாரமும் பாயசமும் செய்ய முனைந்தேன். மாலையில் மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டது. இளையவள் தோளைவிட்டு இறங்க மறுத்தாள். பாயசம் அடிப்பிடித்தது. என் கணவர் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வந்தார்.

"இவ்வளவும் உங்களுக்காகத்தானே செய்தேன்!" என்றேன்.

"நான் கேட்கவில்லையே" என்றார் அவர்.

அதன்பின் நான்கு நாள், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று குழந்தையை நடுவில் நிறுத்தியே எங்கள் பேச்சு நடந்தது. அந்நாட்களில்தான் எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. பால், எரிவாயு உருளை, பள்ளிக் கட்டணம் இவை பற்றியன்றி நாங்கள் இருவரும் ஒரு நாளில் எத்தனை சொல் பேசுகிறோம்? சண்டைக்கு முந்திய வாரத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சண்டையைக் காட்டிலும் அதுவே என்னை அச்சுறுத்தியது.

மறு ஆண்டு நான் எதுவும் செய்யவில்லை. குழந்தைகள் எழுவதற்கு அரைமணி நேரம் முன்னதாக இருவரும் எழுந்தோம். காப்பி அவர் போட்டார். டிகாஷன் நீர்த்திருந்தது, சர்க்கரையோ இரட்டிப்பு. கொல்லைப் படியில் அமர்ந்தோம். காப்பி தீரும்வரை குழந்தைகளைப் பற்றியும் செலவைப் பற்றியும் பேசலாகாது என்பது உடன்பாடு. உண்மையைச் சொல்வதானால், பேச ஒன்றுமே அகப்படவில்லை! பாதிக் குவளை வரையில் மௌனம். பிறகு அவர், "உன் பல்வலி இப்போது எப்படி?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதமாக நான் இடப்பக்கமே மெல்லுவதை அவர் கவனித்திருக்கிறார்.

அலங்காரம் செய்த ஆண்டில் கிடைக்காதது அந்தப் படியில் கிடைத்தது.

அதற்குப் பின் நான் கைக்கொண்ட சில வழிகளையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவுக்குத் தோசையே போதும். மாவை முதல்நாளே அரைத்துவிடுங்கள். பூ வேண்டும் என்று கணவரை நெருக்காதீர்கள். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களின் சிவப்பு ரோஜாவில் ஒரு பகுதி அந்த நாளையொட்டி ஏற்றுமதியாகிவிடும். மிஞ்சியது விலை ஏறும். மல்லிகையோ பனிக்காலத்தில் குறைவாகவே பூக்கும். சித்திரையில் மலிந்திருக்கும்போது ஒரு முழம் வாங்கி வரச் சொன்னால் அவருக்கும் மனம் நோகாது. 14-ஆம் நாள் தேர்வோ காய்ச்சலோ குறுக்கிட்டால் 16-ஆம் நாள் கொண்டாடலாம். எந்தப் பஞ்சாங்கமும் தடுக்காது. மதிய உணவு அடுக்கில் நான்கு வரி எழுதி வைப்பதும் நல்ல வழி. ஆனால் சாம்பார்க் கிண்ணத்துக்கு அருகில் வேண்டாம். என் முதற்கடிதத்தில் அவரால் படிக்க முடிந்தது என் பெயர் மட்டுமே.

கூட்டுக் குடும்பத்தில் இருப்போர்க்கு மாமியாரிடம் சொல்ல நாணம் தடுக்கும். எனக்கும் தடுத்தது. ஒரு நாள் துணிந்து, "அத்தை, ஒரு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறீர்களா? கடற்கரை வரை போய் வருகிறோம்" என்றேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "போய் வாருங்கள் அம்மா. நானும் உன் மாமாவும் அந்தக் கடற்கரைக்குச் சேர்ந்து போனதே இல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கீரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

இந்த ஆண்டு நாங்கள் குழந்தைகளுடன் வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் இருவரையும் அனுப்பினோம். மாமா இருமுறை சட்டை மாற்றினார். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனவர்கள் ஒன்பது மணிக்குத்தான் திரும்பினார்கள். அத்தையின் புடவைத் தலைப்பில் மணல் இருந்தது. கையில் பாதி தின்ற சுண்டல் பொட்டலம் இருந்தது.