சிரிப்பொலி நீங்கிய நாடகம்



அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான மருத்துவத் தொடர் ‘மாஷ்’. கொரியப் போர்முனையை அடுத்துக் கூடாரங்களில் இயங்கிய நடமாடும் அறுவை மருத்துவமனையே அதன் களம். போர் நடந்ததோ மூன்றாண்டுகள். நாடகம் பதினோராண்டுகள் நீண்டது. 1983 பிப்ரவரி 28 அன்று அதன் இறுதிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

அத்தனை பேர் கண்ட நாடகத்தில் இனிக் கண்டறிய என்ன உண்டு? மௌனம் உண்டு.

பார்வையாளர் எவரும் இல்லாத அரங்கில் படமாக்கப்பட்ட அந்நாடகத்தில், பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்த்தாக வேண்டும் என நிலையத்தார் வற்புறுத்தினர். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் அதனை விரும்பவில்லை. அறுவைக் கூடத்துக் காட்சிகளில் மட்டுமாவது சிரிப்பொலி வேண்டா என்னும் அளவில் உடன்பாடு ஏற்பட்டது. பிரிட்டனில் பி.பி.சி. அவ்வொலியை நீக்கியே ஒளிபரப்பியது. அமெரிக்கருக்கோ 2002இல் டி.வி.டி. குறுந்தகடுகள் வரத் தொடங்கியபோதுதான், சிரிப்பொலியை நீக்கிக் கேட்கும் வசதி வீட்டுக்குள் வந்தது.

அவ்வாறு கேட்டவர் வேறொரு நாடகத்தைக் கண்டனர். அறுவை மருத்துவர் ஹாக்ஐ ஓயாது வேடிக்கை பேசுபவர். சிரிப்பொலியோடு கேட்டால் அவர் குறும்பர். அது நீங்கியதும், குருதி தோய்ந்த நாளொன்றைக் கடக்கச் சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் மனிதர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை அடுத்தே அழுகையை வைத்ததை இங்கு நினைக்கலாம். தொடக்க காலப் பகுதிகளில் சில நகைச்சுவைகள் துணையின்றி நிற்க மாட்டாமல் விழுந்துவிடுகின்றன என்பதும் உண்மையே. கைதட்டலுக்கு இடம்விட்டு அடி அமைக்கும் கவியரங்கக் கவிஞர் இதனை எளிதில் உணர்வர்!

ஆயினும் ஒரு பகுதி இக்கணக்குக்கு அடங்குவதில்லை. 1975இல் வந்த அதில், படைத்தலைவர் ஹென்றி பிளேக் பணி முடிந்து ஊர் திரும்புகிறார். விடைபெறுதல் முழுவதும் கேலியும் களிப்பும். முடிவில் அறுவைக் கூடம். எழுத்தர் ராடார் முகத்திரை இன்றி உள்ளே வந்து, பிளேக் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை என்னும் செய்தியைப் படிக்கிறார். அப்பக்கத்தைப் படப்பிடிப்பின் இறுதிவரை நடிகர் பலரிடமும் மறைத்து வைத்திருந்தனர். எங்கோ ஒரு கருவி தரையில் விழும் ஓசை கேட்கிறது. தற்செயலாக நேர்ந்த அவ்வோசையை அப்படியே விட்டுவைத்தனர். மருத்துவர்கள் கை நிறுத்தவில்லை. மேசைமேல் நோயாளி கிடக்கிறார்.

இக்காட்சியில் எப்போதுமே சிரிப்பொலி இருந்ததில்லை. அதற்கு முன்னர் நாடகம் நெடுகக் கேட்ட சிரிப்பு, அறுவைக் கூடத்தின் வாயிலில் சட்டென நின்றுபோவதுதான் கேட்போரை நடுங்கச் செய்கிறது. எனவே அவ்வொரு பகுதியை மட்டும் சிரிப்பொலியோடு கேட்பதே முறை.