ஆணியில மாட்டின மாஸ்க்



2022 ஏப்ரல் தொடக்கத்துல கொரோனா கட்டுப்பாட்டை எடுத்ததும், அப்பாடான்னு மாஸ்க்கை ஆணியில மாட்டினோம். அதே மாசம் மறுபடி 500 ரூபாய் அபராதம்னாங்க. எங்க தெருவுல பாதிப் பேர் போடல. 27ஆம் தேதி பெருங்குடி குப்பைமேடு பத்திக்கிச்சு, நாள்கணக்கா புகை. அப்ப யாரும் சொல்லாமலே எல்லாரும் போட்டாங்க!

ஆனா புகைத் தூளுக்கு நாம தைச்ச துணி மாஸ்க் பத்தாது. என்-95 வேணும், மூக்கோட ஒட்டி இருக்கணும். அதுவும் நாத்தத்தை நிறுத்தாது.

இப்பவும் சளி, இருமல்னா கூட்டத்துக்கு மாஸ்க்கோடதான் வர்றேன். "மறுபடியும் கொரோனாவா"ன்னு சிரிக்கிறீங்க, சிரிங்க. என் பக்கத்துல உட்கார்ற அக்காவுக்குச் சர்க்கரை, வீசிங் ரெண்டும் இருக்கு.

குப்பை பிரிக்கப் போற நம்ம பெண்களுக்கு நல்ல மாஸ்க் வாங்க, குழு நிதியில கொஞ்சம் ஒதுக்கணும்னு கேட்டுக்கறேன்.