அண்ணல் கண்ட அமெரிக்கா

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தவற்றைப் பற்றிப் பேச விழைகிறேன். கொடும்பாளூருக்கும் அமெரிக்காவுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் உயர்கல்வி கற்கச் சென்ற முதல் வெளிநாடு அதுவேயாகும். 1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பரோடா மன்னர் சயாசிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு, இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் நியூயார்க் நகரம் சென்று சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் பயின்றார். அக்காலத்து அமெரிக்கா எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால், நம்முடைய கழகம் எதற்காக இருக்கிறது என்பதும் தெளிவாகும்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1868-இல் சட்டத்தின்முன் சமமான பாதுகாப்பும், 1870-இல் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமையும் அந்நாட்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டன. எனினும், எழுதப்பட்டது நடைமுறையில் நிலைக்கவில்லை. 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருக்குமாயின் இரு இனத்தாரையும் தனித்தனியே பிரித்து வைப்பது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. தென் மாநிலங்களில் இரயில் பெட்டி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய் என அனைத்தும் இரண்டிரண்டாயின. பிரிவினை கண்டிப்பாக நடந்தது. சமத்துவம் ஏட்டளவில் நின்றது. வாக்களிக்க வந்த கறுப்பின மக்களிடம் வாக்கு வரி கேட்டனர். படித்துக் காட்டுமாறு பணித்தனர். இவற்றைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினர். கல்லாமையே உரிமையைப் பறிக்கும் கருவியாக ஆக்கப்பட்டது. இளைஞர்கள் இதனை நன்கு குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அண்ணல் சென்றிறங்கிய அதே 1913-ஆம் ஆண்டில்தான் உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவருடைய ஆட்சியில் வாசிங்டன் நகரத்து மத்திய அரசு அலுவலகங்களிலேயே கறுப்பின ஊழியர்கள் பிரித்து அமர்த்தப்பட்டனர். ஆனால் எதிர்ப்புக் குரலும் அந்நாட்டில் எழுந்திருந்தது. 1909-இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தோன்றிற்று. அதன் தொடக்க அறிக்கையில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர் பேராசிரியர் ஜான் டூயி. நகரங்களில் வாழும் கறுப்பின மக்களின் நலனுக்காக அமைந்த மற்றொரு சங்கத்திற்குத் தலைமை ஏற்றவர் பேராசிரியர் எட்வின் செலிக்மன். இவ்விருவரும் கொலம்பியாவில் அண்ணலுக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 1917-இல் அமெரிக்காவும் அதில் இறங்கியது. ஐரோப்பாவிலிருந்து தொழிலாளர் வருகை குறைந்ததால், சிகாகோ, டெட்ராய்ட் போன்ற வடபுலத்து நகரங்களின் ஆலைகளில் ஆள் தேவைப்பட்டது. பருத்திக் காடுகளில் குத்தகைக்கும் கடனுக்கும் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே பெயர்ந்தனர். கூலி உயர்ந்தது, ஆனால் இழிவு அவர்களைப் பின்தொடர்ந்து சென்றது. 1919-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் சிகாகோவில், ஏரியில் விளையாடிக் கொண்டிருந்த பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், வெள்ளையர் பகுதி என்று வழக்கத்தால் ஒதுக்கப்பட்ட நீர்ப்பரப்பினுள் மிதந்து சென்றுவிட்டான். அவன்மீது கல்லெறிந்தனர், அவன் நீரில் மூழ்கி இறந்தான். அதனைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். தண்ணீரில் கோடு கிழிக்க இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். மகத் நகரின் சவுதார் குளத்தில் நீர் அருந்துவதற்கு 1927-இல் அண்ணல் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய சூழலில் அம்மக்கள் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை என்பதே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ என்னும் ஊரில் கல்வி நிலையம் நடத்திவந்த புக்கர் வாசிங்டன், சிகாகோ நகரத்து வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் துணையுடன் 1912 முதல் சிற்றூர்களில் பள்ளி கட்டும் பணியைத் தொடங்கினார். செல்வர் பணம் தருவார். ஆனால் ஊர் மக்களும் தங்கள் பங்கைத் தந்தாக வேண்டும் என்பது விதி. அம்மக்களோ வரி கட்டியும் தங்கள் பிள்ளைகளுக்குப் போதிய பள்ளி பெறாதவர்கள். இருந்தும், கோழி விற்ற காசைக் கொடுத்தனர், மரம் வெட்டித் தந்தனர், உடலுழைப்பை நல்கினர், ஓர் ஏக்கர் நிலத்துப் பருத்தியைப் பள்ளிக்கென்றே விளைவித்தனர். 1932-க்குள் பதினைந்து மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவற்றிற்கு ரோசன்வால்டின் கொடை ஏறத்தாழ 43 இலட்சம் டாலர். கறுப்பின மக்கள் சேர்த்துக் கொடுத்தது ஏறத்தாழ 47 இலட்சம் டாலர். செல்வரின் கொடையைவிட ஏழைகளின் காசு மிகுதி! ஆயினும் அப்பள்ளிகளுக்கு வழங்கும் பெயர் ரோசன்வால்டு பள்ளிகள் என்பதே.

கல்வி பெற்ற அச்சமுதாயத்திலிருந்து வழக்கறிஞர்கள் தோன்றினர். சார்லசு ஹூஸ்டன் என்பவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியைச் சீரமைத்து, உரிமை வழக்குகளை நடத்துவதற்கென்றே மாணவர்களைப் பயிற்றினார். அவர்தம் மாணவர் தர்குட் மார்சல் வாதாடிய வழக்கில்தான், 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1868-இல் எழுதிய சமத்துவத்தை ஓரளவேனும் மெய்யாக்க 86 ஆண்டுகள் ஆயின.

அண்ணல் அவர்களும் இதனைத் தம் வாழ்விலேயே உணர்ந்தார். கொலம்பியாவில் பயின்று திரும்பியவருக்கு 1917-இல் பரோடாவில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. ஒருவர் பெற்ற பட்டம் ஒரு சமுதாயத்தின் இழிவைப் போக்கிவிடாது என்று கண்ட அவர், 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கி மாணவர் விடுதி நடத்தினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். நம் தமிழகத்திலும், அண்ணல் கொலம்பியாவை விட்டுப் புறப்பட்ட அதே 1916-ஆம் ஆண்டில், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கடல் கடந்த இரு நாடுகளில், ஒரே காலத்தில், ஒடுக்கப்பட்டோர் தேர்ந்த வழி ஒன்றாகவே இருந்தது.

நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, முன்பணம் பெற்று ஆலை வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு அவற்றால் பயன் என்ன? பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பெண்ணை, ‘படித்தது போதும்’ என்று வீட்டில் நிறுத்திவிட்டால், ஒதுக்கப்பட்ட இடத்தில் சென்று அமர்வது யார்? உரிமையைப் பெற்றுத் தந்தவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டார்கள். அதனைக் கையில் எடுப்பது நம் பிள்ளைகளின் படிப்பில் இருக்கிறது.

நம் ஊர் மூவர் கோயிலை நீங்கள் அறிவீர்கள். பூதி விக்கிரமகேசரி தம் பெயராலும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்களை எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கல் சுமந்தவர் பெயரை அது கூறவில்லை. ஆதலால் கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: பெருந்தொகை தந்தவர்களோடு, நடவுக் கூலியில் பத்து ரூபாய் எடுத்துத் தந்த தாய்மார்களின் பெயர்களையும் இம்மலரில் அச்சிடுங்கள். பணியில் அமர்ந்து வெளியூர் சென்ற இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்களுக்குப் பின்னால் வரும் ஒரு மாணவனின் அல்லது ஒரு மாணவியின் படிப்புச் செலவை ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இக்கழகம் பொன்விழாவும் காண வேண்டும். அந்நாளில் இம்மேடையில் பேசுபவர், இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இம்மாணவச் செல்வங்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.