பிழையின் இடம் காட்டும் காவற்குறிகள்



வெண்பாவைப் படியெடுப்போன் ஓரசையை விட்டுவிட்டால், தளை தட்டுவதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். பொருளுக்கு வேண்டியதினும் மிகையான கட்டுப்பாடு பாவில் உண்டு. அம்மிகையே காவல். உரைநடைக்கு அக்காவல் இல்லை.

இன்று நம் செய்திகள் 0, 1 என்னும் இரு குறிகளாகவே செல்கின்றன. வழியில் ஒன்று மாறிவிட்டால் என் செய்வது? ஒவ்வொரு குறியையும் மும்முறை அனுப்பிப் பெரும்பான்மையைக் கொள்ளலாம். ஆயின் சுமை மும்மடங்காகும்.

1947இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் இரிச்சர்டு ஆமிங்கு என்பார் தம் கணக்குகளைக் கிழமை இறுதியில், ஆளின்றி ஓடும் பொறியிடம் ஒப்படைத்துச் செல்வார். பிழை கண்டால் அப்பொறி அக்கணக்கையே கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். பிழை உண்டென அறியும் பொறி அதன் இடத்தை ஏன் அறியலாகாது எனச் சினந்தெழுந்தார் அவர். 1950இல் விடையை வெளியிட்டார்.

அதன் அழகைப் பாருங்கள்! அனுப்ப வேண்டியது 1011. ஏழு இடங்கள் கொள்க. 3, 5, 6, 7ஆம் இடங்களில் செய்தி. 1, 2, 4ஆம் இடங்களில் காவற்குறிகள். ஒன்றாம் இடத்துக் காவல் 1, 3, 5, 7 ஆகியவற்றையும், இரண்டாம் இடத்துக் காவல் 2, 3, 6, 7 ஆகியவற்றையும், நான்காம் இடத்துக் காவல் 4, 5, 6, 7 ஆகியவற்றையும் காக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாதல் வேண்டும். எனவே 0110011 என அனுப்புகிறோம். ஆறாம் இடம் கெட்டு 0110001 எனப் போய்ச் சேர்கிறது. பெறுவோன் எண்ணுகிறான்: முதற்கூட்டம் செவ்வை, மற்றை இரண்டும் பிழை. அவற்றின் காவலிடங்கள் 2, 4. கூட்டினால் ஆறு! ஆறாம் இடத்தை மாற்றினால் செய்தி மீண்டது.

ஈரிடம் ஒருங்கே கெட்டாலோ, இம்முறை நல்ல குறியொன்றையும் கெடுத்துவிடும், காவலனே கள்வனாவான்.

1986இல் வாயேசர் 2 யுரேனசை அணுகியபோது, ஒரு வினா சென்று விடை மீள ஐந்து மணிக்கும் மேலாயிற்று. அங்கே இக்காவல் போதுமா? இரீடு, சாலமன் என்னும் இருவர் 1960இல் கண்ட முறையும் அங்குத் துணைநின்றது. அது எட்டுக் குறிகளை ஓரெழுத்தாகக் கொள்ளும். 223 எழுத்துகளுக்கு 32 காவலெழுத்துகள். எங்கேனும் 16 எழுத்துகள் கெட்டாலும் திருத்தும். ஓரெழுத்தின் எட்டுக் குறிகளும் சிதைந்தாலும் அதற்கு அது ஒரே பிழைதான். 1982இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுவட்டு, சிறு கீறல் பட்டும் பிசகாது பாடியது இம்முறையால்தான்.