சட்டம் தரும் அவகாசம்



இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தால் பயன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு என்பதே என் பதில். அடிப்பதைப் புதிதாகக் குற்றமாக்க அது எழுதப்படவில்லை. அடி தண்டனைச் சட்டக் கோவையில் ஏற்கெனவே குற்றம்தான். இந்தச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸாரோ நீதவானிடம் விண்ணப்பித்தால், அடிப்பவரைத் தடுக்க 14 நாட்கள் வரை இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். ஆக, சட்டம் தருவது அவகாசம். அடுத்த அடி எப்போது விழுமோ என்ற பயமின்றி ஒரு பெண் தன் வாழ்க்கையை யோசிப்பதற்கான அவகாசம்.

2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். சட்டம் வந்து 14 ஆண்டுகளின் பின்னும் இதுதான் நிலை என்றால் சட்டம் தோற்றுவிட்டது என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நீதிமன்றப் படியே ஏறாத பெண்ணை எந்தக் கட்டளை காக்கும்? வெட்கமும் பிள்ளைகளின் எதிர்காலமும் சனத்தின் வாயும் அவரைத் தடுக்கின்றன. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு மொழியும் ஒரு தடை. தமிழில் முறையிட அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் தமிழில் எழுதிக்கொள்ளும் உத்தியோகத்தர் பொலிஸ் மேசையில் இல்லாவிட்டால், அந்தப் பெண் சொன்னது ஒன்று, தனக்கு விளங்காத சிங்களத்தில் கையெழுத்திட்டது வேறொன்று என்றாகிவிடும். வழக்கின் அடித்தளமே அந்த முறைப்பாட்டுத் தாள்தான்.

குடும்பம் உடையும் என்பது இன்னொரு ஆட்சேபம். பாதுகாப்புக் கட்டளை திருமணத்தை முறிப்பதில்லை. இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பவும் நீதவானால் முடியும். குடும்பத்தை உடைப்பது அடிதான். பொய் முறைப்பாடு வரும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதற்காகவே எதிராளிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்து விசாரித்த பின்னரே நீண்ட கட்டளை பிறக்கிறது. ஆனால் கட்டளை என்ற வெறும் தாள் அடியைத் தடுக்காது என்போரின் பேச்சில் உண்மை இருக்கிறது. இந்தியா தன் 2005 சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியையே உருவாக்கி, விண்ணப்பம் எழுதுவது முதல் தங்குமிடம் தேடுவது வரை அவரிடம் ஒப்படைத்தது. நம் சட்டம் சமூக சேவையாளரையும் குடும்ப ஆலோசகரையும் நம்பியிருக்கிறது. அந்த இடங்களுக்கும் பொலிஸ், நீதிமன்றப் பணிகளுக்கும் சிங்களமும் தமிழும் அறிந்தவர்கள் வேண்டும். சட்டத்தரணியாக, உளவள ஆலோசகராக, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, பொலிஸ் உத்தியோகத்தராக இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் அங்கே செல்லுங்கள் என்று கேட்கிறேன்.