கடை புதுக்கிய செலவும் வருமான வரியும்
(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வரியைப் பற்றிப் பேச வழக்கறிஞரை அழையாது, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தரை அழைத்ததேன் என்று சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் எம் அலுவலகத்தில் நாம் நாடோறும் செய்வது இப்பாகுபாட்டைத்தான். பழைய இருப்புப்பாதையைச் செப்பனிட்டால் அவ்வாண்டின் நடைமுறைச் செலவு. புதிய பாதை இட்டால் மூலதனக் கணக்கு. வருமான வரிச் சட்டம் கடைக்காரரிடம் கேட்பதும் இதுவே.

நம் உறுப்பினர் ஒருவர் வாடகைக் கட்டடத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்துகிறார். பெயரைச் சொல்லலாகாது என்றார். முன்வரிசையில் அமர்ந்து சிரிக்கிறார். ஒரு டிசம்பரில் ஆறு இலட்சம் ரூபாய் செலவிட்டுக் கடையைப் புதுக்கினார். அதில் 1,80,000 ரூபாய் ஒழுகும் கூரைக்கும், சாக்கடைக்கும், வெள்ளையடிப்புக்கும் ஆனது. எஞ்சிய 4,20,000 ரூபாயில் புதிதாக ஒரு சமையற்கட்டு எழுந்தது. மேஸ்திரி தந்ததோ ஒரே சீட்டு, அதில் ஒரே வரி: "கட்டட வேலை, ஆறு இலட்சம்."

விளைவு என்ன? பழுது எது, புதியது எது என்று காட்ட இயலாமையால் முழுத் தொகையும் மூலதனச் செலவாயிற்று. வணிகக் கட்டடத்திற்குத் தேய்மானம் ஆண்டுக்கு 10 விழுக்காடு. அவ்வாண்டில் பயன்பட்டது 180 நாளுக்குக் குறைவாயின் அதிலும் பாதியே. ஆறு இலட்சத்திற்கு அவர் பெற்ற கழிவு 30,000 ரூபாய். இரண்டு சீட்டுகள் இருந்திருந்தால் பழுதுச் செலவு 1,80,000 முழுமையும், சமையற்கட்டுக்கு 21,000மும் ஆக 2,01,000 கிடைத்திருக்கும். எஞ்சியது பின்னாளில் தேய்மானமாகச் சிறுகச் சிறுகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் வரி கட்ட வேண்டிய மார்ச்சு மாதத்தில் அது கைக்கு உதவாதே!

கட்டடம் நம்முடையது அன்று, நமக்கேது தேய்மானம் என்று வாடகைதாரர் கேட்பர். 1988-89 மதிப்பீட்டு ஆண்டு முதல், குத்தகைக்கோ வாடகைக்கோ பெற்ற இடத்தில் தொழில் செய்வோர் அதனை மேம்படுத்தச் செலவிட்டால், அவ்வளவிற்கு அவரையே உரிமையாளராகக் கொண்டு தேய்மானம் தரப்படுகிறது. பழுதுச் செலவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: பழுதுபார்க்கும் பொறுப்பை வாடகைதாரர் ஏற்றிருக்க வேண்டும். நம்மவரின் வாடகைப் பத்திரத்தில் அவ்வரி இருந்தது. உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் "பழுது" என்று எழுதிவிடலாம் என எண்ணுவோரும் உளர். திரையரங்கு ஒன்றை அடியோடு புதுப்பித்த உரிமையாளர் அதனை நடைமுறைப் பழுது என்று வாதிட்டார். 1997இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பழுது என்ற பெயரில் மூலதனச் செலவு நுழையலாகாது என 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டமும் வெளிப்படையாகவே விளக்கிவிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025இல் இயற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என விதித்த சட்டத்திலும் இப்பாகுபாடு மாறவில்லை.

இன்னொன்று. ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், பழுதாயினும் சரி, புதுக்கட்டடமாயினும் சரி, அத்தொகை பொதுவாகக் கணக்கில் ஏறாது. நம்மவர் காசோலையாகத் தந்திருந்தார், அதனால் தப்பினார். விற்பனையில் 8 அல்லது 6 விழுக்காட்டை இலாபமாகக் காட்டும் எளிய முறையைக் கொண்ட சிறு வணிகர்க்கு இக்கழிவுகள் தனியே கிடையா. அவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டமைக்கு நன்றி.

மேஸ்திரிமார் இரண்டு சீட்டு எழுதச் சலித்துக்கொள்வர். வேலை தொடங்குமுன் அவரை ஞாயிறு மாலை சங்கத்திற்கு அழைத்து வாருங்கள். அவர் சொல்லும் தொகையை அவர் சொன்னபடியே பிரித்து நாம் எழுதித் தருகிறோம். கையெழுத்தை அவர் இட்டால் போதும்.